திருப்பூர் பின்னலாடைத் தொழில்

திருப்பூர் பின்னலாடைத் தொழில் தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர் நகரை மையமாகக் கொண்டது. கொங்கு மண்டலத்தின் பருத்தி வேளாண்மையும், கோயம்புத்தூர் வட்டார நூற்பாலைகளும், ஈரோடு–கோயம்புத்தூர் இருப்புப்பாதையும் இத்தொழில் இங்கு வேரூன்றத் துணைநின்றன. உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் உற்பத்தியில் தொடங்கிய தொழில், 1980களில் ஏற்றுமதியால் விரைந்து வளர்ந்தது.

ஓர் ஆடையின் எல்லா வேலைகளும் ஒரே ஆலையில் நடப்பது குறைவு. நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்பட்டு, சாயப்பட்டறைக்குப் போய், பிறகு வெட்டுதல், தைத்தல், சரிபார்த்தல், தேய்த்தல், பெட்டியில் அடுக்குதல் எனப் பல கை மாறுகிறது. கூலிக்கு வேலை செய்து தரும் சிறு கூடங்களுக்கிடையே துணிக்கட்டுகளைச் சிறு சரக்கு வண்டிகள் கொண்டு செல்கின்றன. ஏற்றுமதிச் சரக்கு கன்டெய்னர் லாரிகளில் பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைகிறது.

இவ்வளர்ச்சி தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களை ஈர்த்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. ஆனால் சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் மாசுபடுத்தியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கு நிலைபெற்றது.