மலையில ஊறுற தண்ணி

பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிஞ்சது. கீழ்பவானி பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். நீலகிரியில மழை பேஞ்சா அணை நிறையும்னு சுலபமா சொல்லிடறோம். மழை நின்னு, தை மாசியிலயும் ஆத்துல தண்ணி வருதே, அது எங்கிருந்து? அது ஊத்துத் தண்ணிங்க.

நீலகிரி உச்சியில பனிமலை கிடையாது. மேட்டுல புல்வெளி, மடிப்புல சோலைக்காடு, பள்ளத்துல சதுப்பு. தோடர்களோட எருமைங்க காலங்காலமா மேய்ஞ்ச இடம். அந்தக் கறுப்பு மண் பஞ்சு மாதிரி மழையைக் குடிச்சு வெச்சு, ஓடைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விடும்.

1820-கள்ல கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறிச்சு ஊட்டி ஏரியை உண்டாக்கினார். 1843-ல் தைலமரம் வந்துச்சு, சீகை மரமும் வந்துச்சு. விறகுக்கும், தோல் பதனிடற பட்டைக்கும் புல்வெளியில நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது நிக்கல. தைலமரம் வருசம் பூரா ஆழத்துல உறிஞ்சும். மழைக்காலத்து வெள்ளத்தை விட, கோடையில கசியற ஊத்துக்குத்தான் அதனால அடி அதிகம்.

அணையைத் தூர்வாரச் சொல்லிக் கேக்கறோம், சரி. மேல இருக்கற புல்லும் சதுப்பும் ஒரு அணைதான். அதையும் மீட்கச் சொல்லி நாமதான் கேக்கணும்.