ஐந்து பெண்களும் ஒரு பாடத்திட்டமும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை என்பது பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 1970க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பணிமூப்பு என்று நிறுவனம் காரணம் சொன்னது. கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டுமாம். நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்டவர்கள் கடைசியாக வராமல் வேறு எப்படி வருவார்கள்?

எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: பெண் என்பதால் பாகுபாடு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்துவந்திருக்கிறது. இனத்தின் பேரில் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீது ஏற்கெனவே நடக்கும் இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ‘கறுப்பினப் பெண்கள்’ என்று தனியாக ஒரு வகையைச் சட்டம் ஏற்காது. நிறுவனம் வேலைக்கு எடுத்திருந்த பெண்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவர் என்று எடுக்கப்பட்டவர்கள் ஆண்கள். ஆக, இந்த ஐந்து பேருக்கும் சட்டத்தில் பெயரே இல்லை.

இந்தத் தீர்ப்பைத் தூசி தட்டி எடுத்து உலகத்துக்குச் சொன்னவர் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா. 1989இல் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சட்ட இதழ் ஒன்றில் வந்த அவரது கட்டுரையில்தான் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல் பிறந்தது. தமிழில் குறுக்குவெட்டுத்தன்மை என்று எழுதிவருகிறோம். எனக்கு அது வடிவியல் வகுப்பை நினைவூட்டுகிறது. கிரென்ஷா காட்டிய உவமை நாற்சந்தி. நடுவில் நிற்பவர் மீது எந்தத் திசையிலிருந்தும் வண்டி மோதலாம், இரண்டு திசைகளிலிருந்து ஒரே நேரத்திலும் மோதலாம். எந்த வண்டி இடித்தது என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்று சொன்னால் எப்படி? நீதிமன்றம் கேட்டது அந்த நிரூபணத்தைத்தான்.

கிரென்ஷாவுக்கு வெகுமுன்பே இதைச் சொன்ன ஒரு பெண் உண்டு, பாலி மர்ரி. கறுப்பினத்தவருக்கான ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் தன் வகுப்பின் ஒரே பெண்ணாகப் படித்து, 1944இல் முதலிடத்தில் தேறினார். நிறவெறிச் சட்டங்களுக்கு ‘ஜிம் குரோ’ என்று பெயர் வழங்கிய காலம் அது. தன் இனத்து ஆண்களிடமிருந்தே தனக்குக் கிடைத்த நடத்தைக்கு மர்ரி ‘ஜேன் குரோ’ என்று பெயர் வைத்தார். மேற்படிப்புக்கு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 1951இல், மெதடிஸ்ட் திருச்சபையின் பெண்கள் பிரிவு கேட்டுக்கொண்டதன் பேரில், ஒவ்வொரு மாநிலத்திலும் இனம் குறித்து என்னென்ன சட்டங்கள் இருக்கின்றன என்று எழுநூறு பக்கங்களுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்துப் போராடிய வழக்கறிஞர்களுக்கு அது கைநூல் ஆயிற்று. அந்த வழக்கறிஞர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. மர்ரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டக் கல்லூரிகளின் கதவு திறந்த பிறகும், உள்ளே என்ன கற்பிப்பது, யார் கற்பிப்பது என்ற சண்டை ஓயவில்லை. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் டெரிக் பெல். இனமும் சட்டமும் பற்றிய பாடத்தை அங்கே வளர்த்தவர் அவர். 1980களின் தொடக்கத்தில் அவர் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட, பாடம் அந்தரத்தில் நின்றது. நிர்வாகம் அதற்குப் பதிலாக ஒரு குறுகிய கால வகுப்பை நீட்டியது. மாணவர்கள் அதைப் புறக்கணித்தார்கள். 1983இல் தாங்களே ‘மாற்று வகுப்பு’ ஒன்றை ஏற்பாடு செய்து, வெளியிலிருந்து வெள்ளையரல்லாத அறிஞர்களை வாரந்தோறும் அழைத்துவந்து, பெல் எழுதிய பாடநூலைப் படித்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் கிரென்ஷா. இன்னொருவர் மாரி மட்சுதா. 1989 கோடையில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஒரு கன்னிமாடத்தில் கூடிய பட்டறையில்தான் இந்தச் சிந்தனைக்கு விமர்சன இனக் கோட்பாடு என்ற பெயர் நிலைத்தது.

பெல் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஓரிகனில் ஆசிய அமெரிக்கப் பெண் ஒருவரைப் பேராசிரியராக நியமிக்க மறுத்ததால், 1985இல் முதல்வர் பதவியிலிருந்து விலகினார். ஹார்வர்டுக்குத் திரும்பி, 1990இல், கறுப்பினப் பெண் ஒருவருக்கு நிரந்தரப் பதவி தரும்வரை சம்பளமில்லா விடுப்பு என்று வெளியே போனார். இரண்டு ஆண்டுகளில் கல்லூரி அவர் வேலையையே முடித்துவைத்தது. அந்த நியமனம் 1998இல்தான் நடந்தது. வந்தவர் லானி குனியர்.

இதே ஆண்டுகளில் கலிஃபோர்னியா பின்னோக்கிப் போனது. 1996 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘புரொபொசிஷன் 209’, அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தையும் பாலினத்தையும் கருத்தில் கொள்ளத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு பெர்க்லி சட்டக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் உட்கார்ந்த கறுப்பின மாணவர் ஒரே ஒருவர். அவரும் முந்தைய ஆண்டே இடம் கிடைத்துத் தள்ளிப்போட்டவர். லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலும் எண்ணிக்கை சரிந்தது. வகுப்பறையில் ஆட்கள் இல்லாதபோது பாடமாவது இருக்கட்டும் என்று 2000இல் அங்கே ஒரு தனித் திட்டம் தொடங்கினார்கள், விமர்சன இன ஆய்வுகள் என்ற பெயரில். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இப்படி ஒரு திட்டம் அதுவே முதல். கிரென்ஷாவும் செரில் ஹாரிஸும் அதற்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர்கள்.

ஹாரிஸ் 1993இல் எழுதிய கட்டுரை, வெள்ளைத்தோல் என்பதையே சட்டம் ஒரு சொத்தாகப் பாதுகாத்துவந்தது என்று வாதிடுகிறது. அதை அவர் தன் பாட்டியிடமிருந்து தொடங்குகிறார். வெளிர்நிறமாக இருந்த பாட்டி, சிகாகோவின் பெரிய கடை ஒன்றில் வெள்ளைக்காரியாக நடித்து வேலை பார்த்தார். கறுப்பினப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைக்காது. பகலெல்லாம் வேறொருத்தியாக இருந்துவிட்டு, மாலையில் தன் மக்கள் நடுவே திரும்புவார். சொத்துச் சட்டத்தைப் பற்றிய கட்டுரைக்குள் ஒரு பாட்டி நுழைவது சட்ட இதழ்களில் வழக்கமில்லாத ஒன்று. சட்டம் யார் உடம்பில் இறங்குகிறது என்று கேட்பவர்களுக்கு அவர் இல்லாமல் வாதமே நிற்காது.

2021இல் ஐடஹோ, ஓக்லஹோமா, டெக்சாஸ் என மாநிலங்கள் இக்கருத்துகளைக் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றின. லாஸ் ஏஞ்சல்ஸ் திட்டத்தினர் அத்தகைய சட்டங்களையும் ஆணைகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து அட்டவணைப்படுத்துகிறார்கள். மர்ரி செய்த அதே வேலை.

அந்த ஆண்டு ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றமும் கிரென்ஷாவின் கருத்தை எடுத்தாண்டது. ஆந்திரத்தில் 2011இல், பிறவியிலேயே பார்வையற்ற தலித் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு. சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் சேர்ந்தே அவரைத் தாக்கின என்று நீதிபதிகள் விரிவாக எழுதினார்கள். குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தரப்பட்ட தண்டனையை ரத்து செய்தார்கள். பாதிக்கப்பட்டவரின் சாதி குற்றவாளிக்குத் தெரிந்திருந்தாலே போதும் என்ற திருத்தம் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்தபோது இருந்த சட்டம், சாதியின் காரணமாகவே அது நடந்தது என்று நிரூபிக்கச் சொன்னது. அதற்குப் போதிய சான்று இல்லை என்றது தீர்ப்பு.