கேட்கத் தெரியும் என்ற நினைப்பு

'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற பெயரைக் கேட்டதும், மேடையில் மைக்கோடு நடந்துகொண்டே "உன்னால் முடியும்!" என்று கத்துகிற ஆள்தான் நமக்கு ஞாபகம் வருவார். விஷயம் நேர் எதிர். குடியை விட வேண்டும் என்றும் இருக்கிறது, விடவும் மனமில்லை என்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவரிடம், விடுவதற்கான காரணங்களை ஆலோசகர் அடுக்கக் கூடாது. அவை அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அதற்கான பேச்சுமுறை இது.

இது எதற்கு எதிராகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1958இல் தொடங்கிய சினனான் அமைப்பில், போதைக்கு அடிமையானவரை நடுவில் வைத்து மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கிழிகிழியென்று கிழிப்பதே வைத்தியம். 'இவங்க ஒத்துக்கவே மாட்டாங்க, அடிச்சு உடைக்கணும்' என்ற நம்பிக்கை அங்கிருந்து அமெரிக்க சிகிச்சை மையங்கள் பலவற்றுக்கும் பரவியது.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மில்லருக்கு இதில் சந்தேகம் வர ஒரு காரணம் இருந்தது. 1980இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், ஒன்பது ஆலோசகர்கள் குடிப்பழக்கத்துக்கு நடத்தைச் சிகிச்சை அளித்தார்கள். யாருடைய ஆட்கள் தேறினார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது ஆலோசகரின் பரிவு. பரிவு குறைந்தவரிடம் போவதற்கு, ஒரு கையேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போயிருக்கலாம் என்கிற அளவுக்கு இருந்தது வித்தியாசம்.

1982இல் மில்லர் நார்வேக்குப் போனார். பெர்கன் நகருக்கு அருகே இருந்த ஒரு சிகிச்சை மையத்தின் இளம் உளவியலாளர்கள் அவரைச் சும்மா விடவில்லை. தங்களைப் படுத்துகிற நோயாளிகளைப் போல நடித்துக்காட்டி, "நீங்க பேசுங்க, பார்ப்போம்" என்றார்கள். பேசும்போதே இடைமறித்தார்கள். ஏன் இந்தக் கேள்வி? ஏன் அந்த வார்த்தை? அப்போது மனசுக்குள் என்ன ஓடியது? தனக்கே தெரியாமல் தான் பின்பற்றிவந்த விதிகளை மில்லர் அங்கேதான் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தது. 1983இல் அது கட்டுரையானது. 1989இல் சிட்னியில் ஸ்டீஃபன் ரோல்னிக்கைச் சந்தித்தார். 1991இல் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. பிறகு எங்கு பார்த்தாலும் பயிலரங்குகள்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. பயிலரங்குக்கு வந்தவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டார்களா என்று மில்லர் சோதித்துப் பார்த்தார். தான் விற்கிற சரக்கைத் தானே உரசிப் பார்க்கிற ஆட்கள் குறைவு. 2001இல் வெளியான ஆய்வு, கைதிகளின் நன்னடத்தையைக் கண்காணிக்கும் அதிகாரிகள் உள்ளிட்டவர்களுக்கு நடந்த ஒரு பயிலரங்கைப் பற்றியது. கலந்துகொண்டவர்கள் நன்றாகத் தேறிவிட்டதாகவே சொன்னார்கள். அவர்களின் பேச்சைப் பதிவு செய்து கேட்டபோது மாற்றம் கொஞ்சமாகத்தான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சில் எந்த வித்தியாசமும் இல்லை. இது தோல்வியைவிட மோசம். 'எனக்குத்தான் தெரியுமே' என்று ஆனபின் ஒருவர் எதற்காக மேற்கொண்டு கற்கப்போகிறார்?

2004இல் பெரிய சோதனை. 140 பேர், ஐந்து பிரிவுகள். ஒரு பிரிவுக்குப் பயிலரங்கு மட்டும். இன்னொன்றுக்கு, அவர்கள் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய மதிப்பீடும் சேர்த்து. மற்றொன்றுக்குத் தொலைபேசியில் தனிப்பயிற்சி. ஒன்றுக்கு இவை எல்லாமே. கடைசிப் பிரிவுக்குப் புத்தகமும் காணொளிகளும் கொடுத்து 'நீங்களே படிச்சுக்கோங்க'. மதிப்பீடோ தனிப்பயிற்சியோ கிடைத்தவர்களிடம் திறமை கூடியது. எல்லாம் கிடைத்த பிரிவில்தான் எதிரே இருப்பவரின் பேச்சும் மாறியது. தாங்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று ஆலோசகர்கள் சொன்னதற்கும் பதிவில் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. 'என் மெஷின்ல ஓடுதே' என்பதை யாரும் நம்புவதில்லை, லாக் எங்கே என்றுதான் கேட்போம். ஆலோசனை அறைக்கு அந்த லாக்கைக் கொண்டுவந்தவர் கார்ல் ரோஜர்ஸ். 1940களின் தொடக்கத்தில், ஓஹயோவில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இசைத்தட்டை மாற்றி மாற்றி உரையாடல்களைப் பதிவு செய்தார். வழிநடத்தாமல் கேட்பதாக நினைத்த மாணவர்கள், தாங்கள் எவ்வளவு வழிநடத்துகிறோம் என்பதை அந்தத் தட்டுகளில்தான் கேட்டார்கள்.

பதிவில் எதைத் தேடுவது? ஒருவர் சொல்கிறார்: "விடணும்னுதான் சார் இருக்கு. ஆனா குடிக்கலைன்னா தூக்கம் வரமாட்டேங்குது." நம் நாக்கில் உடனே நிற்பது "லிவர் போயிடும், தெரியும்ல?" அவர் அதற்குப் பதில் வைத்திருப்பார், நாம் இன்னொரு காரணம் சொல்வோம், கடைசியில் குடியின் தரப்பு வக்கீலாக அவரையே ஆக்கிவிட்டிருப்போம். தேர்ந்த ஆலோசகர் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்: "தூக்கம் போயிடுமோன்னு பயம் இருக்கு. இருந்தாலும் விடணும்னு தோணுது." வரிசையைக் கவனியுங்கள். எது கடைசியில் நிற்கிறதோ, அவர் பெரும்பாலும் அதிலிருந்துதான் மேலே பேசுவார். இரண்டு வாக்கியங்களைத் திருப்பிப் போட்டால் பேச்சு தூக்கத்தைப் பற்றியே போகும்.

இதை எண்ணவும் செய்யலாம். தெரசா மோயர்ஸ் குழுவினரின் மதிப்பீட்டு முறையில், இருபது நிமிடப் பதிவில் எத்தனை கேள்விகள், எத்தனை பிரதிபலிப்புகள் என்று கணக்கெடுப்பார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்புகள் இருந்தால் நல்ல தேர்ச்சி. பரிவை எண்ணுவதாவது என்று முகம் சுளிக்கலாம்தான். ஆனால் நண்பன் புலம்புகிற அடுத்த போன்காலில் மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஒன்று வருவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மில்லரும் ரோல்னிக்கும் இந்த முறைக்கு வணிக முத்திரை போட்டுப் பூட்டிவைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்வதாகச் சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். அப்படிச் சொல்கிறவரிடம் பயிற்றுநர்கள் முதலில் கேட்பது ஓர் ஒலிப்பதிவை.