வெளிநாட்டு உறவினர் கடை திறக்க உங்கள் பெயரைக் கேட்கிறாரா?

முடி வெட்டவோ, நகை செய்யவோ, துணி தைக்கவோ நன்கு தெரிந்த உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கிறார். செராஸில் ஒரு கடை வாடகைக்குக் கிடைக்கிறது. “உங்கள் ஐசியில் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள், மாதம் ஒரு தொகை தந்துவிடுகிறேன்” என்கிறார். நம்மில் பலருக்கு இது உறவுக்குச் செய்யும் உதவியாகவே தெரிகிறது. ஆனால் பதிவேட்டின்படி அந்தக் கடை உங்களுடையது. அவர் விமானம் ஏறிவிட்டாலும் கடனும் வரியும் வழக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும். சரி என்று சொல்லும் முன் கீழ்க்காணும் விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் பதிவு செய்யலாம்?

தனிநபர் வணிகமும் பங்காளி வணிகமும் 1956 வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யப்பட வேண்டும். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே இதைச் செய்ய முடியும். நீல ஐசி இருப்பவரும், மைபிஆர் எனப்படும் சிவப்பு ஐசி இருப்பவரும் பதிவு செய்யலாம். தோட்டத்தில் பிறந்து இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் பெரியவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. மைகாஸ் எனப்படும் பச்சை ஐசிக்கு இல்லை.

சொந்தப் பெயரில் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மலேசியரை மணந்த வெளிநாட்டவர் நீண்டகாலச் சமூக வருகை பாஸில் இருந்தால், வேலை செய்யக் குடிநுழைவுத் துறையின் அனுமதியைப் பெறலாம். ஆனால் நிரந்தரவாசி ஆகும்வரை தம் பெயரில் தனிநபர் வணிகம் பதிய முடியாது.

வெளிநாட்டவருக்கு உள்ள வழி

வெளிநாட்டவர் 2016 நிறுவனச் சட்டத்தின் கீழ் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். இயக்குநர்களில் ஒருவராவது மலேசியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். 30 நாள்களுக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும்.

நிறுவனம் பதிவாகிவிட்டால் அதில் வேலை செய்யும் உரிமையும் வந்துவிடாது. வேலை பாஸ் தனியாக வேண்டும். அதற்கு நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் பார்க்கப்படும். உள்ளூர்காரரோடு கூட்டு என்றால் குறைந்தது 350,000 ரிங்கிட், முழுவதும் வெளிநாட்டவருடையது என்றால் 500,000 ரிங்கிட். சில்லறை வணிகம், உணவகம், தனி அமைச்சின் கண்காணிப்பில் இல்லாத சேவைத் தொழில்கள் ஆகியவற்றில் வெளிநாட்டுப் பங்கு இருந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஒப்புதலும் 10 லட்சம் ரிங்கிட் மூலதனமும் தேவை. ஒற்றை நாற்காலி போட்டு முடிதிருத்தும் கடை வைக்க நினைப்பவருக்கு இது எட்டாத தொகை. அதனால்தான் பலர் உள்ளூர்காரர் பெயரைத் தேடி வருகிறார்கள்.

பெர்மிட் என்பது வேறு

முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில் ஆகிய மூன்று துறைகளில் அந்நியத் தொழிலாளர் தருவிப்பு 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023இல் 7,500 பேருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. அது முதலாளிகள் ஆள் எடுக்கத் தரப்பட்ட அனுமதி. தொழிலாளி சொந்தக் கடை வைக்க அல்ல. வேலை பெர்மிட் குறிப்பிட்ட முதலாளிக்கும் துறைக்கும் உரியது. அதை வைத்துச் சொந்தக் கடை நடத்தினால் பெர்மிட்டைத் தவறாகப் பயன்படுத்திய குற்றமாகும்.

தொழிலுக்கும் கடைக்கும் உரிமம்

சில தொழில்களுக்கு எஸ்எஸ்எம் பதிவு மட்டும் போதாது. வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ், குடிநீர்க் குழாய் வேலைக்கு ஸ்பான் அனுமதி, கட்டுமானக் குத்தகைக்கு சிஐடிபி பதிவு ஆகியவை தேவை.

கடைக்கு ஊராட்சி மன்ற உரிமமும் வேண்டும். செராஸ் என்ற பெயர் இரு ஊராட்சி எல்லைகளில் வழங்குவதை மறக்க வேண்டாம். தாமான் மிடா, தாமான் கொன்னாட் போன்றவை கோலாலம்பூர் மாநகர் மன்றத்தைச் சேர்ந்தவை. பண்டார் மக்கோத்தா செராஸ், பண்டார் துன் உசேன் ஓன் ஆகியவை சிலாங்கூரில், காஜாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் உள்ளன. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்த மன்றம் என்று உறுதி செய்யுங்கள்.

பெயர் கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

தனிநபர் வணிகத்தில் கடையின் கடன் உரிமையாளரின் சொந்தக் கடன். வாடகை பாக்கியும் சரக்குப் பாக்கியும் உங்களைத்தான் தேடி வரும். வணிக வருமானத்தை உங்கள் பெயரில்தான் ஜூன் 30க்குள் பி பாரத்தில் வருமான வரி வாரியத்திடம் காட்ட வேண்டும்.

செல்லுபடியாகும் பாஸ் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. உரிமத்தை வாடகைக்கு விட்டது தெரிந்தால் மன்றம் அதை ரத்து செய்யலாம்.

முறையாக உதவ நினைத்தால்

பெயர் மட்டும் கொடுக்காமல் கடையை நீங்களே நடத்துங்கள். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ரசீதுப் புத்தகம் மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். அந்தத் துறையில் ஆள் எடுக்கும் அனுமதி திறந்திருக்கிறதா என்று விசாரித்து, உறவினரை உரிய பெர்மிட்டோடு வேலைக்கு எடுங்கள். கூட்டாக முதலீடு செய்ய இருவருக்கும் வசதி இருந்தால் நிறுவனம் அமைத்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டவர்கள் முதலில் எஸ்எஸ்எம் பதிவு இன்னும் உயிரோடு உள்ளதா என்று பாருங்கள். கடை மூடிவிட்டிருந்தால் 30 நாள்களுக்குள் வணிகம் நிறுத்தப்பட்டதைத் தெரிவிக்க வேண்டும். மன்ற உரிமத்தையும் உங்கள் பெயரிலுள்ள மின்சார, தண்ணீர் கணக்குகளையும் மறக்காமல் முடித்துவிடுங்கள்.