ஊழ் என்னும் சொல்

வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேரச் சுட்டும் பழந்தமிழ்ச் சொல் ஊழ். இன்று அதனை 'விதி' என்று பெயர்த்துக் கடந்துவிடுகிறோம். தலையெழுத்து என்னும் எண்ணமும் உடன் வந்து ஒட்டிக்கொள்கிறது. சொல்லிலோ தலையும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஊழ்த்தல் என்பது முதிர்தல். மலர்தலும் வாடி உதிர்தலும் அதன் பொருள்களே. மலர் விரிதலை வள்ளுவர் 650ஆம் குறளில் இவ்வினையாலேயே குறிக்கிறார். மொட்டவிழ்வதற்கும் பூ வாடுவதற்கும் ஒரே சொல்! ஆக்கமும் இழப்பும் ஒரு பெயருள் அடங்கிய வழி இதுவே என்பது என் துணிபு. (இன்று கையூட்டுக்கு வழங்கும் 'ஊழல்' அழுகலைச் சுட்டியதும் எண்ணத்தக்கது.) பரிமேலழகர் ஊழோடு ஒருபொருளாக அடுக்கும் சொற்களுள் 'முறை' ஒன்று. ஆற்றுநீர் வழிச் செல்லும் புணையாக உயிரைக் கண்ட கணியன் பூங்குன்றனாரும் புறநானூறு 192இல் அச்சொல்லையே ஆண்டார்.

ஆகூழ், போகூழ் என 371ஆம் குறள் பிரிக்கிறது. ஆகூழ் தருவது நேரே பொருளன்று, சோர்வின்மை. போகூழ் தருவது மடி. ஊழின் பெருவலியை 380இல் ஒப்பியவரே, 620இல் முயல்வோர் அதனைப் புறங்காண்பர் என்கிறார். எழுத்து என்று கொண்டால் இம்முரண் தீராது. முதிர்வு என்று கொண்டால், பயிருக்கு நீர் பாய்ச்சும் உழவனுக்கு இது புதிதன்று.