எழுத்துக்குள் ஒரு படம்: கோடும் புள்ளியும் கணினியில் சந்தித்த வரலாறு



2004ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவின்போது பள்ளி நுழைவாயிலில் கட்டுவதற்காக எட்டு அடி நீளப் பதாகை ஒன்றைக் கணினியில் வடிவமைத்தேன். ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்னும் சொற்களைத் தடித்த எழுத்துருவில் அமைத்து, எழுத்துகளுக்குள் வண்ணம் தீட்டுவதற்குப் பதிலாக மாணவர்களின் குழுப்படத்தை நிரப்பினேன். திரையில் மிக அழகாகத் தெரிந்தது. அச்சாகி வந்தபோது எழுத்துகளின் ஓரங்கள் கத்தியால் வெட்டியவை போலக் கூர்மையாக இருந்தன. உள்ளே இருந்த பிள்ளைகளின் முகங்களோ வெறும் வண்ணச் சதுரங்களாகிவிட்டன. விழாவன்று ஒரு தாயார் பதாகையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல என் மகன் எங்க இருக்கான்?” என்று கேட்டார். என்னால் காட்ட இயலவில்லை.

ஒரே பதாகையில் எழுத்து பிழைத்தது, முகம் பிழைக்கவில்லை. அதன் காரணத்தைத் தேடிச் சென்றபோதுதான், கணினி ஓவியத்தில் இரு வேறு மரபுகள் தனித்தனியே பிறந்து வளர்ந்து, மிகத் தாமதமாகவே ஒன்றையொன்று சந்தித்தன என்பதை அறிந்துகொண்டேன்.

முதலாவது, கோட்டு மரபு. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்னும் ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைப் படைத்தார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம். அந்தக் கணினி நினைவில் வைத்துக்கொண்டது படத்தை அன்று; கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற செய்தியை மட்டுமே. அதே காலக்கட்டத்தில் பிரான்சு நாட்டு மகிழுந்து நிறுவனங்களில் பணியாற்றிய பியேர் பெசியேயும் பால் டி காஸ்டெல்ஜோவும், வளைந்த கோடுகளையும் சில புள்ளிகளின் கணக்காகச் சுருக்கும் வழியைக் கண்டிருந்தனர். இன்றும் நாம் பயன்படுத்தும் எழுத்துருக்களின் வளைவுகள் இவ்வகைக் கணக்குகளே. கணக்கிற்குச் சிறிது பெரிது என்பது கிடையாது. அஞ்சல்தலை அளவில் இருந்தாலும் பதாகை அளவில் இருந்தாலும் ‘ங’ ‘ங’வாகவே இருக்கும். இதனையே வெக்டர் படம் என்கிறோம்.

மற்றொன்று, புள்ளி மரபு. திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு நிறத்தைக் குறித்து வைக்கும் முறை இது. இதன் பெயர் பிட்மேப். நினைவகத்தின் விலை மிக அதிகமாக இருந்ததால் இம்மரபு மெல்லவே வளர்ந்தது. கலிபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயிண்ட்’ 1973இல் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு, 1974இல், யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் தம் ஆய்வேட்டில் ஒரு புள்ளிப்படத்தைக் கணக்கால் ஆன வளைபரப்பின்மீது போர்த்திக் காட்டும் முறையை விளக்கினார். பின்னாளில் பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் இவர். இரு மரபுகளும் கைகோத்த தொடக்கக் கணங்களுள் இது ஒன்று எனலாம். ஆனால் அது ஆய்வகத்தில் நிகழ்ந்தது. நம்மைப் போன்றோரின் மேசைக்கு வந்து சேரவில்லை.

மேசைக்கு வந்தது 1984ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினியில்தான். அதன் திரை 512க்கு 342 புள்ளிகள். கறுப்பு வெள்ளை மட்டும். அந்தச் சிறு திரைக்கே ஏறத்தாழ 22,000 பைட் நினைவகம் தேவைப்பட்டது. முழுக் கணினியிலும் இருந்ததோ 128 கிலோபைட். அதற்கான வரைகலை நிரலை எழுதிய பில் அட்கின்சன், எட்டுக்கு எட்டு என 64 புள்ளிகள் கொண்ட சிறு வடிவங்களால் எந்த உருவத்தையும் நிரப்ப வழி செய்தார். ஒரு வடிவத்திற்கு எட்டே எட்டு பைட் போதும். பாத்தேக் துணியில் ஒரே அச்சு மீண்டும் மீண்டும் பதிவதைப் போல, செங்கல் வரிசையும் சாய்ந்த கோடுகளும் உருவத்திற்குள் திரும்பத் திரும்ப வந்தன. ‘மேக்டிரா’ என்னும் கோட்டுப்பட மென்பொருளிலும் இதே நிரப்பம்தான். கணினியின் முகப்புத் திரையில் தெரிந்த சாம்பல் நிறப் பின்னணியும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இத்தகைய வடிவமே. சாம்பல் என்று ஒரு நிறமே அக்கணினியில் கிடையாது! உருவத்தைப் பெரிதாக்கினால் வடிவம் பெரிதாவதில்லை. இன்னும் பலமுறை திரும்ப வரும். ஆகவே அங்கே என் பதாகைக்கு நேர்ந்தது நேரவில்லை.

1987இல் அடோபி நிறுவனத்தின் ‘இல்லஸ்ட்ரேட்டர்’ வந்தது. அதன் பெட்டி முகப்பில் போட்டிசெல்லி தீட்டிய வீனஸின் முகம் இருந்தது. அம்மென்பொருளின் முதல் பதிப்பு புள்ளிப்படத்தை நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வருடியில் எடுத்த படம் ஒன்றைப் பின்னணியில் மங்கலாக வைத்துக்கொள்ளலாம். அதன்மீது வளைகோடுகளால் வரைய வேண்டும். அச்சிடும்போது பின்னணிப் படம் வராது. நாம் கண்ணாடித்தாளை வைத்துப் படி எடுப்போமே, அதுவேதான். புள்ளிப்படம் வழிகாட்டிவிட்டு விலகிக்கொள்ளும். எஞ்சுவது கோடு மட்டுமே.

படத்தையே கோட்டிற்குள் அடைப்பதற்கான திறனும் அதற்கு முன்பே அடித்தளத்தில் இருந்தது. அதே நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்னும் அச்சு மொழியில், ஓர் எழுத்தின் எல்லைக்கோட்டை வேலியாக வைத்து உள்ளே படத்தைப் பதிக்கும் கட்டளைகள் உண்டு. 1989இல் கனடாவிலிருந்து வந்த ‘கோரல்டிரா’ விண்டோஸ் கணினிகளில் பரவியது. அதன் பிந்திய பதிப்புகளில் புகைப்பட நிரப்பம் சில சொடுக்குகளில் முடியும் வேலையாயிற்று. இருப்பினும் கணினியின் கொள்ளளவு தடையாகவே இருந்தது. 640க்கு 480 புள்ளி கொண்ட முழு வண்ணப்படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 9,21,600 பைட். நாம் பையில் சுமந்து திரிந்த 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் அத்தகைய படம் ஒன்றுதான் அடங்கும், இரண்டாவதற்கு இடமில்லை. 2001 செப்டம்பரில் இணையக் கூட்டமைப்பு எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுப்படத் தரத்தை ஏற்றபோது, புள்ளிப்படத்தை வடிவத்திற்குள் நிரப்பும் வழியும் அதில் இடம்பெற்றது. 2003இல் தொடங்கிய ‘இங்க்ஸ்கேப்’ என்னும் இலவச மென்பொருள் அத்தரத்தையே பின்பற்றுகிறது.

இனி, என் பிழைக்கு வருகிறேன். நான் நிரப்பிய குழுப்படம் இணையத்தளத்திற்காகச் சிறிதாக்கப்பட்டது. 640 புள்ளி அகலம். எட்டு அடி என்பது 96 அங்குலம். வகுத்துப் பாருங்கள்: ஓர் அங்குலத்திற்கு ஏழு புள்ளிகூட இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் சதுரமாக விரிந்துவிட்டது. எழுத்தின் ஓரத்தை மென்பொருள் மீண்டும் கணக்கிட்டு வரைந்தது. முகத்தைக் கணக்கிட அதனிடம் எதுவும் இல்லை. கோட்டுப்பட மென்பொருளுக்குள் நுழைந்துவிட்டதால் படமும் கோட்டின் குணத்தைப் பெற்றுவிடும் என்று நான் எண்ணியது அறியாமை.

தமிழ் எழுத்துகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நம் எழுத்துகளில் சுழிகளும் மெல்லிய வளைவுகளும் மிகுதி. மெல்லிய எழுத்துருவில் படத்தை நிரப்பினால் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரியும். மிகத் தடித்த எழுத்துரு கிடைக்காவிட்டால், படத்தை முழுப் பின்னணியாக விரித்து அதன்மேல் ஒரே நிறத்தில் எழுத்தை வைப்பதே நன்று. அச்சகத்திற்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிவிடுங்கள். அங்குள்ள கணினியில் நம் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வாழ்த்துச் செய்தி வேறு ஏதோ குறிகளாக அச்சாகிவிடும். படமும் கோப்பிற்குள்ளேயே சேர்ந்திருக்கிறதா, வெறும் இணைப்பாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பதாகையை மீண்டும் செய்தேன். இம்முறை படக்கருவியிலிருந்து நேரடியாக எடுத்த, 2,048 புள்ளி அகலமுள்ள படம். அங்குலத்திற்கு 21 புள்ளிகள். புத்தகத்திற்குப் போதாது, ஆயினும் வாயிலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குப் போதும். படத்தை எழுத்துகளுக்குள் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ‘ங்’ எழுத்தின் மேலிருக்கும் புள்ளிக்குள் ஒரு சிறுவனின் முகம் முழுதாக வந்து பொருந்தியது. அந்தத் தாயாரின் மகன்தான். அப்படியே விட்டுவிட்டேன். விழாவன்று அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு அந்தப் புள்ளியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.