கசோங்கோ எண்கள் எதை மறுத்தன?

கர்ப்பிணிகளை ஆபத்து உள்ளவர், இல்லாதவர் எனப் பிரித்துக் கவனிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1978இல் முன்வைத்தது. அது செல்வாக்கிழந்த கதையைச் சொல்வோர் பெரும்பாலும் டெபோரா மெய்னைப் பின்பற்றுகின்றனர். தாய்சேய் நலத் திட்டங்களில் தாய் எங்கே என்று ஆலன் ரோசன்ஃபீல்டுடன் சேர்ந்து 1985இல் லான்செட் இதழில் கேட்டவர் மெய்ன். பேறுகாலத்துக்கு முந்தைய பரிசோதனையால் தாய் இறப்பைப் பெரிதும் குறைக்க முடியாது, அவசரப் பிரசவ சிகிச்சையே உயிர்காக்கும் என்று அவர் 1991இல் வாதிட்டார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பரிசோதனையின் தோல்வியை, அங்கே கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் ஆலோசனையின் தோல்வியாகவும் கணக்கெழுதும் வாசிப்பு சரிதானா?

இந்த வாசிப்புக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது, அன்றைய ஜயர் நாட்டின் கசோங்கோவிலிருந்து 1984இல் வெளியான ஆய்வு. முந்தைய பிரசவங்களில் நேர்ந்த சிக்கலை அடையாளமாகக் கொண்டு, யாருக்குப் பிரசவம் தடைபடும் என்று கணிக்க முயன்றார்கள். தடைபட்டவர்களில் 71 விழுக்காட்டினர் கணிப்பில் சிக்கவில்லை. ஆபத்து உண்டு எனக் குறிக்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குப் பிரசவம் தடைபடவில்லை.

முதல் எண்ணைக் கவனிக்க வேண்டும். தலைப்பிரசவக்காரிக்கு முந்தைய பிரசவம் என்பதே கிடையாது. இந்த அடையாளம் அவளை ஒருக்காலும் பிடிக்காது. ஆகவே அந்த 71இல் ஒரு பங்கு அளவுகோலின் அமைப்பிலேயே பொதிந்தது. எவ்வளவு பங்கு என்பதை விகிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அளவுகோலைத் திருத்தினாலும் கணிப்பு நம்பத்தக்கதாகியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. ரத்தப்போக்கு போன்றவை எந்தக் குறியும் காட்டாமல் வருபவை. என் வாதம் வேறு. அந்தப் பெண்களிடம் என்ன சொல்லப்பட்டது, அதைக் கேட்டு வீட்டார் என்ன செய்தார்கள் என்பதை இவ்விரு எண்களும் அளக்கவே இல்லை. அளக்காத ஒன்றை அவை எப்படி மறுக்கும்?

மெய்னுக்கு எதிரான வலுவான சாட்சி மெய்னே. செரீன் தாடியஸுடன் 1994இல் அவர் வெளியிட்ட மூன்று தாமதங்கள் கட்டுரையில் முதல் தாமதம் வீட்டில் நேர்வது: மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில். ரத்தப்போக்கு எப்போது ஆபத்து, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, மாமியாரும் கணவரும் ஊரில் இல்லாவிட்டால் யார் சொல்லைக் கேட்டுக் கிளம்புவது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவைக்கப் பரிசோதனை அறையை விட்டால் வேறெங்கே வாய்ப்பு? போகும் இடத்தில் சிகிச்சை மோசமென்றால் யாரும் கிளம்பமாட்டார்கள் என்பது மெய்ன் தரப்பின் பதில். அது நியாயமானது; ஆனால் முதல் தாமதத்தை அது இல்லாமலாக்கிவிடாது.

நேரடிச் சான்று மெலிந்தது என்பதும் உண்மைதான். நேபாளத்தின் மக்வான்பூரில் பெண்கள் குழுக்கூட்டங்களை வைத்து நடந்த சோதனையில் (2004) பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. தாய் இறப்புகள் குழுக்கள் இயங்கிய பகுதியில் 2, மற்றதில் 11. எண்ணிக்கை சிறிது; குழுக்கூட்டமும் பரிசோதனை அறை ஆலோசனையும் ஒன்றல்ல; குழுக்கள் குறைவாகப் பரவியிருந்த வங்கதேசத்தில் 2010இல் வெளிவந்த சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. இருந்தும் பேச்சால் பயனில்லை என்போர் இந்த 2க்கும் 11க்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஆபத்துப் பிரிப்பு எப்போது முடிவுக்கு வந்தது? தாய் நலம் குறித்த 1987இன் நைரோபி மாநாட்டைச் சொல்வோர் உண்டு. பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு நான்கு சந்திப்புகள், பிரசவத்துக்கான முன்னேற்பாட்டுப் பேச்சு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மாதிரி 2002இல் வந்ததை வைத்து நான் அதைப் பின்தள்ளுவேன்; ஆண்டைக் குறுக்கத் துணிவில்லை. உண்மையில் முடிந்ததா என்பதே ஐயம். சந்திப்புகளை எட்டாக உயர்த்தும் அந்நிறுவனத்தின் பரிந்துரை வந்த அதே 2016இல், மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. அதில் தாய்சேய் நல அட்டையில் ஆபத்துள்ளவருக்குச் சிவப்பு ஒட்டு, இல்லாதவருக்குப் பச்சை. பச்சை ஒட்டோடு வீடு திரும்புபவரிடம் செவிலியர் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்பதை அந்த அட்டையில் குறிக்க இடமில்லை.